எண்ணெய் குடிக்காத காடி

நான்கு கார்களை ஓட்டிப் பார்த்தோம். நான்கிலும் நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வாங்கிய பிறகு அந்தக் காரை ஓட்டப்போகிறவள் நான் ஒருத்திதான் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கூத்து முழுதாக விளங்கும்.

என் கணவரிடம் கார் லைசன்ஸே கிடையாது. சூலியா தெருவில் காசு மாற்றும் கடை ஒன்றில் வேலை. மோட்டார் சைக்கிளில் போவார், மோட்டார் சைக்கிளில் வருவார். லைசன்ஸ் என்னிடம்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பணம் கட்டி எடுத்துக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவது தம்பியின் காரைக் கோயில்வரை ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் கார் பார்க்கப் போவதில் எங்கள் ஆட்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வீட்டோடு போவோம். ஆண்கள் முன்னால் ஏறி இன்ஜினைப் பற்றிப் பேசுவார்கள். பெண்கள் பின்னால் ஏறி, ஏர்கோன் பின்சீட்டுக்கு எட்டுகிறதா என்று சொல்வார்கள். அந்த வழக்கப்படி ஓட்டிப் பார்த்தவன் என் தம்பி. பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தவர் என் கணவர். நன்றாகக் குளிர்கிறது என்று சொன்னவள் நான்.

எனக்கு அன்றைக்கு ஏர்கோன் ஒரு கேடா? முதல் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில், ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷமாகச் சாமான்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். பத்து வாரத்துக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது பினாங்கு பாலத்தில் விழுந்தேன். அன்றிலிருந்து மருத்துவ விடுப்பு. எங்கள் சூப்பர்வைசர் நல்ல மாதிரி, மலாய்க்கார அக்கா. போன் செய்து, "முதல் தேதி ஏழு மணிக்கு உன் இடத்தில் நீ நிற்க வேண்டும். அதற்கு மேல் என் கையில் ஒன்றுமில்லை. வேறு ஆள் போடச் சொல்கிறார்கள்" என்று மலாயில் சொன்னார். மிரட்டவில்லை. அவர் குரலில் கெஞ்சல்தான் இருந்தது.

தொழிற்சாலை பஸ் நாங்கள் இருக்கிற தீவுப் பக்கம் வருவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பெர்ரி படகில் அக்கரையில் இருக்கிற பட்டர்வொர்த் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, இறங்கி நடந்தால் ஏழு மணி ஷிப்டுக்கு எட்டரைக்குப் போய் நிற்கலாம். இடது கணுக்காலில் தகடும் திருகாணியும் வைத்திருக்கிறவள் எவ்வளவு தூரம் நடப்பாள்? மோட்டார் சைக்கிளை இனி தொடமாட்டேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சொல்லிவிட்டேன். ஆக, கார் இல்லையென்றால் வேலை இல்லை. இந்த வயதில் இந்தக் காலோடு வேறு வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்?

எங்கள் பேச்சில் கார் என்றால் காடி, பெட்ரோல் என்றால் எண்ணெய், ரிங்கிட் காசு என்றால் வெள்ளி, சாலை நெரிசல் என்றால் ஜேம். என் தம்பி செயலி பார்த்து வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவன். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எந்தக் காடி எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். என் கணவரோ அவனுக்கு மேல். காசு மாற்றுகிற கடையில் நாள் முழுக்க எண்களோடு இருக்கிறவர் இல்லையா? டாங்கியை நிரப்பினால் அந்தக் கனத்துக்கே எண்ணெய் செலவாகும் என்று சொல்லி எப்போதும் ஐந்து வெள்ளிக்குத்தான் அடிப்பார். எங்கள் இருவர் மோட்டார் சைக்கிளிலும் எண்ணெய் அளவு காட்டும் முள் செத்துப் பல வருஷம் ஆகிறது. அதைச் சரி செய்யவும் மாட்டார். "நமக்குத்தான் மனசுலயே கணக்கு ஓடுதே" என்பார். இந்த இருவரும் சேர்ந்து எனக்குக் கார் தேர்ந்தெடுத்தார்கள்.

முதலில் பார்த்தது தம்பியின் நண்பனுடைய பழைய சின்னக் கார். கையால் கியர் போட்டு ஓட்டுவது, தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோ அல்ல.

"அக்கா, கியர் காடிதான்கா எண்ணெய் குடிக்காது. ஆட்டோன்னா சும்மா உறிஞ்சும்லா."

கியர் காரில் கிளட்சை மிதிக்கிற கால் எது? இடது கால். என் கால் எது? இதை நான் சொன்ன பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து வாரமாக என் காலுக்குக் கீழே தலையணை வைத்தவர்கள்தான் இவர்கள். பாசத்துக்குக் குறைவில்லை. கார் என்று வந்ததும் கால் மறந்துவிட்டது.

இரண்டாவது கார் ஆட்டோ. தம்பிக்குப் பிடித்தது. கணவர், "டாங்கி சின்னது" என்றார். மூன்றாவதில் டாங்கி பெரியது. "அவ்வளவும் குடிக்குமே" என்றார். நான்காவது மின்சாரமும் பெட்ரோலும் கலந்து ஓடுவது. விலையைக் கேட்டதும் தம்பியே இறங்கிக் கதவைச் சாத்திவிட்டான். ஒவ்வொரு காரையும் என் கணவர் நிதானமாகக் குனிந்து பார்த்தார், கதவைத் திறந்து மூடினார், பிறகு எண்ணெயில் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்தார். காலண்டரில் ஒவ்வொரு நாளாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு இராத்திரிச் சோறு இறங்கவில்லை. இந்த மனிதருக்கு ஐந்து வெள்ளி எண்ணெய் பெரிதா, என் பன்னிரண்டு வருஷ வேலை பெரிதா என்று மனதுக்குள் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது கார் ஜெலுத்தோங்கில் ஒரு ஷோரூமில் இருந்தது. சின்ன வெள்ளைக் கார், ஆட்டோ. காட்டியது ஒரு தமிழ்ப் பெண், முப்பது வயதிருக்கும். எடுத்த எடுப்பில் என் கணவரையும் தம்பியையும் பார்த்துத்தான் பேசினாள்.

"அண்ணே, இப்ப வர்ற ஆட்டோ அந்தக் காலத்து ஆட்டோ மாதிரி இல்லண்ணே. இது கியர் காடியவிடக் கம்மியாத்தான் குடிக்கும். ஜேம்ல கூட மிச்சம் பண்ணும்."

"ஜேம்ல எப்படி மிச்சம் பண்ணும்?" என்றார் என் கணவர்.

அவள் பதில் சொல்வதற்குள் தம்பி சாவிக்குக் கை நீட்டினான். நான் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டேன். எப்படி எடுத்தேன் என்று கேட்டால் தெரியாது. கை போய்விட்டது.

"நீ இங்கயே உக்காரு. நான் ஓட்டுறேன்."

"அக்கா, கால்..."

"இதுக்கு வலது கால் போதும். இதுல கிளட்ச் எங்க இருக்கு?"

தம்பி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பெண் என் பக்கத்தில் ஏறினாள். என் கணவர் ஒரு கணம் நின்று, பிறகு பின்சீட்டில் ஏறினார். கல்யாணமான நாளிலிருந்து நான் ஓட்ட அவர் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஓட்டிப் பார்ப்பதற்கென்று ஷோரூமில் ஒரு வழி வைத்திருப்பார்கள். சாலையில் கொஞ்ச தூரம் போய், முதல் திருப்பத்தில் திரும்பி வந்துவிட வேண்டும். அந்தத் திருப்பம் வந்தது. நான் திரும்பவில்லை.

"அக்கா, இதுதான் ரூட்டு. தாண்டிட்டீங்க."

"எனக்கு வேலை இந்த ரூட்ல இல்லம்மா. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. அங்க ஓட்டிப் பாக்காம நான் எதை வாங்குறது?"

"ஐயோ அக்கா, என் மேனேஜர் என்னைக் கொன்னுடுவாருக்கா."

பின்சீட்டிலிருந்து சத்தமே இல்லை. அந்த மௌனம் எனக்கு எரிச்சலாக இருந்தது. எண்ணெய் வீணாகிறது என்றுதான் மனிதர் பொருமிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

பாலத்தில் ஏறும்போது மாலை ஆறு மணி இருக்கும். தீவில் வேலை முடித்த அத்தனை பேரும் அந்தப் பக்கம் போகிற நேரம். கொஞ்ச தூரம் ஓடினோம், பிறகு ஊர்ந்தோம். இடது ஓரத்தில் மோட்டார் சைக்கிள்களின் பாதை. அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று நேராகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் விழுந்தது அங்கேதான். விடிவதற்கு முன்னால், மழையில், முன்னும் பின்னும் வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள். பாலம் மேடேறத் தொடங்குகிற இடத்துக்குச் சற்று முன்னால் என் வண்டியின் இன்ஜின் இரண்டு முறை இருமியது, பிறகு நின்றுவிட்டது. விழுந்ததைவிட அந்த அமைதிதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. முறுக்குகிறேன், ஒன்றும் வரவில்லை. மழைச் சத்தம் மட்டும். பின்னால் வந்தவர் பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டது, அதற்கப்புறம் நான் தரையில் கிடந்தேன். பிளக்கில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று வண்டியை எடுத்துவரப் போன என் கணவர் பிறகு சொன்னார்.

முன்னால் போன லாரி நின்றது. நானும் பிரேக்கை மிதித்து நின்றேன். அதே இடம். மேடு தொடங்குவதற்குச் சற்று முன்னால்.

கார் லேசாக ஒரு உதறு உதறியது. இன்ஜின் நின்றுவிட்டது.

கண்ணாடியில் பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி முழுதாக நிறைந்து நின்றது. கையை எடுத்துச் சாவிப் பக்கம் கொண்டுபோகக்கூட முடியவில்லை. இந்தக் காரில் வேலையே இல்லாத என் இடது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தது, திருகாணி போட்ட இடம் வலியில் துடித்தது.

"செத்துப் போச்சு," என்றேன். "காடி செத்துப் போச்சு."

"இல்லக்கா, இல்லக்கா! அது சாகல. ஜேம்ல நின்னா அதுவே இன்ஜின நிறுத்திக்கும். அதத்தான் சொல்ல வந்தேன். எண்ணெய் மிச்சம் பண்ணுது. பிரேக்குல இருந்து கால எடுத்தீங்கன்னா அதுவே ஸ்டார்ட் ஆயிடும்."

சொன்னது காதில் விழுந்தது. கால் எழவில்லை. இன்ஜின் சத்தம் இல்லாத காருக்குள் ஏர்கோன் காற்று மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. அந்த அமைதியில்தான் பின்சீட்டில் ஒரு சத்தம் கேட்டது. என் கணவர் என் சீட்டின் தலைப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாடி ஏறியவர் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"இந்தக் காடி வேணாம்," என்றார். "எந்தக் காடியும் வேணாம். நீ வேலைக்கே போக வேணாம்."

"என்ன பேசுறீங்க?"

"அன்னைக்குப் பிளக்ல தண்ணி இல்ல. டாங்கில எண்ணெய் இல்ல."

நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"என் மோட்டர் சைக்கிள் ஒர்க்‌ஷாப்ல இருந்துச்சுல்ல? நீ விழுந்ததுக்கு மொத நாள் உன்னோடத எடுத்துட்டு ஆயர் ஈத்தாம் போய்ட்டு வந்தேன். அந்தத் தூரத்தக் கணக்குல சேக்க மறந்துட்டேன். காலையில நீ கேட்ட, எண்ணெய் போதுமான்னு. பிறை போய்ட்டு வர்ற வரைக்கும் காணும்னு சொன்னேன். வண்டிய எடுக்கப் போறப்ப தொறந்து பாத்தேன். காஞ்சு கெடந்துச்சு. எண்ணெய் ஊத்தி அடைச்சுட்டு வந்து, பிளக்குன்னு சொல்லிட்டேன்."

பக்கத்தில் இருந்த பெண் தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்துக்கொண்டாள். முன்னால் இருந்த லாரி நகர்ந்துவிட்டது. பின்னால் கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. சாதாரணமாக அல்ல, காரே அதிர்கிற மாதிரி. இந்த முறை என் காலைத் தூக்கியது பயமில்லை, கோபம். பிரேக்கிலிருந்து கால் எழுந்தது. இன்ஜின் உறுமியது. நான் மேட்டில் ஏற்றினேன்.

பாலம் முடிவதற்குள் இன்னும் மூன்று முறை இன்ஜின் நின்றது, மூன்று முறையும் காலை எடுத்ததும் உயிர் வந்தது. அந்தப் பக்கம் இறங்கி, முதலில் கண்ணில் பட்ட எண்ணெய் ஸ்டேஷனில் ஓரமாக நிறுத்தினேன். அந்தப் பெண் புத்திசாலி. தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போய்விட்டாள்.

"பத்து வாரம்," என்றேன். "பத்து வாரமா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு பிளக்கு பிளக்குன்னு சொன்னீங்க."

"ஆமா."

"நாலு காடிக்கும் நொட்டை சொன்னீங்களே. அது எண்ணெய்க்கு இல்ல."

"இல்ல. முதல் தேதி தாண்டிட்டா நீயே விட்டுருவன்னு நெனச்சேன். மறுபடியும் அப்படி ஒரு போன் வந்தா எடுக்க என்னால முடியாது."

எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் தூங்காமல் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இவர். அது அன்பு என்று நினைத்தேன். அன்புதான். ஆனால் அதில் பாதி குற்றவுணர்ச்சி என்று தெரிந்தபோது, ஏமாந்துபோனது போல இருந்தது. அவர் முகத்தில் இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது, அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"உங்க கணக்கு தப்பாப் போனதுக்கு நான் ஏன் வேலைய விடணும்?" என்றேன். "வீட்டுக்குப் போய் உங்களத் திட்டணும். நெறையத் திட்டணும். அதுக்கு மொதல்ல அந்தப் பாலத்துல திரும்பிப் போகணும்."

திரும்பும்போது டோல் வரிசையில் மறுபடி இன்ஜின் நின்றது. என் தோள் விறைத்ததைப் பார்த்து அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

"பிடிக்கலன்னா நிறுத்திக்கலாம்கா. ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் கீழ ஒரு பட்டன் இருக்கு பாருங்க. அத அமுக்கினா இன்ஜின் நிக்காது. ஆனா ஒவ்வொரு வாட்டி ஸ்டார்ட் பண்ணும்போதும் மறுபடி அமுக்கணும். அதுவா ஞாபகம் வச்சுக்காது."

"எங்க? காட்டுங்க," என்று பின்னாலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்தார்.

டோலுக்கு அந்தப் பெண்ணின் அட்டையைத்தான் தட்டினோம். ஷோரூமில் தம்பி வாசலுக்கே வந்து நின்றுகொண்டிருந்தான். ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோயிருந்தான். நாங்கள் முழுதாக வந்ததைப் பார்த்ததும் பயம் போய் வாய் வந்துவிட்டது.

"எப்படி அத்தான்? எவ்வளவு குடிச்சுச்சு?"

"பாக்கல," என்றார் என் கணவர். "இதையே எடுத்துக்கலாம்." பிறகு அந்தப் பட்டனைப் பற்றிச் சொன்னார்.

தம்பி திகைத்துப் போனான். "அத அமுக்கிட்டு ஓட்டுறதுக்கு எதுக்கு இந்தக் காடி? அதுதானே இதுல விசேஷமே?"

இன்றுவரை அவனுக்குக் காரணம் தெரியாது.

கார் ஸ்டாக்கில் இருந்ததால் கடன் பேப்பர் முடிந்து ஒரு வாரத்தில் வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க நான் அவரைத் திட்டினேன். சமைக்கும்போது திட்டினேன், துணி காயப்போடும்போது திட்டினேன், சில நாள் திட்டாமலே இருந்தேன், அவருக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கோயிலில் பூசை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தபோது, ஐயர் பழக்கத்தில் சாவியை என் கணவரிடம் நீட்டினார். அவர் வாங்கி என்னிடம் கொடுத்தார்.

முதல் தேதி காலை ஐந்தே முக்காலுக்கு அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கினேன். லேசாகத் தூறல். எனக்கு முன்னாலேயே அவர் கைலியோடு காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஏறி ஸ்டார்ட் செய்தேன். எண்ணெய் முள் கடைசிக் கோட்டில் போய் நின்றது. டாங்கி நிறைய எண்ணெய். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அந்த மனிதர் ஒரு டாங்கியை நிரப்பி நான் பார்த்ததில்லை. முந்தின நாள் சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு போய் நிரப்பியிருக்கிறார்.

ஜன்னலைத் தட்டினார். இறக்கினேன். குனிந்து, முள்ளை ஒரு முறை பார்த்தார். பிறகு என் மடிக்கு மேலாகக் கையை நீட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழே தடவி, அந்தப் பட்டனை அமுக்கினார். மீட்டரில் சின்ன விளக்கு எரிந்தது.

"போய்ட்டு வா," என்றார்.

பாலத்தில் அன்றைக்கும் ஜேம்தான். அந்த இடத்தில் அன்றைக்கும் நின்றேன். இன்ஜின் நிற்கவில்லை. ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது என் இடத்தில் போய் நின்றேன். சூப்பர்வைசர் அக்கா தூரத்திலிருந்தே கையைத் தூக்கினார்.

அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் தினம் காலையில் அவர் கைலியோடு என் கூட இறங்கி வருகிறார். முள்ளைப் பார்க்கிறார், பட்டனை அமுக்குகிறார். அந்தக் காரில் அவருக்குத் தெரிந்த பட்டன் அது ஒன்றுதான். மன்னித்துவிடு என்று அவர் இதுவரை வாயால் சொன்னதில்லை. அந்தப் பட்டனை நானே அமுக்கலாம், விரலை நீட்டினால் எட்டும். நான் அமுக்குவதில்லை. ஸ்டார்ட் செய்துவிட்டு, ஜன்னலை முழுதாக இறக்கி வைத்துக் காத்திருக்கிறேன்.